ஜேம்ஸ் பாரியும் அவர்தம் ஆட்டக் குழுவும்

விளையாட்டில் வெற்றி பெறுவோரை உலகம் போற்றுவது இயல்பு. கேடயமும் கிண்ணமும் வென்ற குழுக்களின் பெயர்கள் ஏடுகளில் இடம்பெறுகின்றன. ஆனால், ஆடத் தெரியாதவர்களையே பெரும்பாலும் கொண்டிருந்த ஒரு கிரிக்கெட் குழு, நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அன்புடன் நினைக்கப்படுகிறது. அக்குழுவில் ஆடியோர் ஆங்கில இலக்கிய உலகில் பெயர் நாட்டிய எழுத்தாளர்கள். துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் அக்குழுவில் ஆடினார். நகைச்சுவை எழுத்தில் புகழ்பெற்ற ஜெரோமும், உட்ஹவுஸும் ஆடினர். குழந்தைகள் போற்றும் கரடிக் குட்டிக் கதைகளைப் பின்னாளில் எழுதிய மில்ன் என்பாரும் ஆடினார். இவர்களை ஒன்று கூட்டி, ஆட்டக் குழுவாக அமைத்து, அதன் தலைவராக நின்று நடத்தியவர் ஜேம்ஸ் மாத்தியூ பாரி ஆவார். என்றும் வளராத சிறுவனாகிய பீட்டர் பானை உலகிற்கு அளித்தவரும் அவரே. ஆட்டத்தையும் சிரிப்பையும் வாழ்நாள் முழுவதும் போற்றிய அவர், துயரத்தை அறியாதவர் அல்லர். துயரத்தை மிக இளமையிலேயே கண்டவர் அவர்.

பிறப்பும் இளமையும்

ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியில், மலைகளின் அடிவாரத்தில், கிரிமியூர் என்னும் சிற்றூர் உள்ளது. நெசவுத் தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்த அவ்வூரில், 1860-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் பாரி பிறந்தார். தந்தையார் டேவிட் பாரி கைத்தறி நெசவாளர். தாயார் மார்கரெட் ஓகில்வி. அவர்களுக்குப் பிறந்த மக்கள் பதின்மருள் ஒன்பதாமவர் ஜேம்ஸ். வீடு சிறியது, வருவாயும் பெரிதன்று. எனினும், மக்களைக் கற்கச் செய்ய வேண்டும் என்னும் வேட்கை பெற்றோருக்கு மிகுதியாக இருந்தது.

மக்களுள் டேவிட் என்னும் மகன் அழகும் அறிவும் உடையவன். அவனைச் சமயப் பணியாளனாகக் காணவேண்டும் என்று தாயார் கனவு கண்டு வந்தார். 1867-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பனிக்கட்டியின்மீது சறுக்கி விளையாடிக்கொண்டிருந்த இடத்தில், அவன் வீழ்ந்து தலையில் அடிபட்டு இறந்தான். மறுநாள் அவனுக்குப் பதினான்காம் பிறந்தநாள். அச்செய்தி கேட்ட தாயார் படுக்கையில் வீழ்ந்தார், நெடுநாள் எழவில்லை. அப்பொழுது ஜேம்ஸுக்கு வயது ஆறு.

தாயின் துயரைத் துடைக்க அச்சிறுவன் ஒரு வழி தேடினான். இறந்த தமையனைப் போன்றே தான் ஆகிவிட்டால் தாய் மகிழ்வாள் என்று எண்ணினான். தமையன் சீழ்க்கை அடிக்கும் முறையைப் பிறரிடம் கேட்டுப் பழகினான். அவன் உடையை அணிந்துகொண்டான். கால்களை அகற்றி நின்று, அவனைப் போலவே சீழ்க்கை அடித்துக்கொண்டு தாயின் அறையுள் நுழைந்தான். அம்முயற்சி தாயின் துயரை மாற்றவில்லை. ஒருவர் இடத்தை மற்றொருவர் நிரப்ப இயலாது என்பதைச் சிறுவன் அன்றே உணர்ந்தான். ஆயினும், அவன் மனம் தளரவில்லை. நாள்தோறும் தாயின் அருகில் அமர்ந்து, அவரைச் சிரிக்கச் செய்வதையே தன் கடமையாகக் கொண்டான். தாய் எத்தனை முறை சிரித்தார் என்பதைத் தாளில் குறித்தும் வைத்தான். பின்னாளில் பல்லாயிரவரைச் சிரிக்கவைத்த அறிஞரின் முதல் அரங்கம் அந்த நோயாளியின் அறையே எனலாம்.

மகனை இழந்த தாயாருக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. மற்ற மக்கள் எல்லாரும் வளர்ந்து தம்மை விட்டுப் பிரிவர். இறந்த மகனோ என்றும் சிறுவனாகவே தம் நெஞ்சில் இருப்பான் என்பதே அது. இவ்வெண்ணம் ஜேம்ஸின் உள்ளத்திலும் விதையாக விழுந்தது. அது முளைத்து மரமாவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

கல்வியும் எழுத்தும்

பாரி முதலில் கிளாஸ்கோவிலும், பின்னர் பார்ஃபார், டம்ஃப்ரீஸ் என்னும் நகரங்களிலும் பள்ளிக்கல்வி பெற்றார். டம்ஃப்ரீஸில் நண்பனின் வீட்டுத் தோட்டத்தில் சிறுவர்கள் கூடிக் கடற்கொள்ளையர் ஆட்டம் ஆடுவர். மரத்தின்மீது ஏறியும், புதருள் பதுங்கியும் அவர்கள் ஆடிய அந்த ஆட்டமே தம் புகழ்மிக்க நாடகத்திற்கு மூலமாயிற்று என்பதைப் பாரி பிற்காலத்தில் நன்றியோடு குறிப்பிட்டார். பள்ளியை முடித்தபின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்று, 1882-ஆம் ஆண்டு முதுகலைப் பட்டம் பெற்றார்.

அவர் உருவத்தில் மிகச் சிறியவர். உயரம் ஐந்தடியைச் சற்றே கடந்தது. பெரியவரான பின்னரும் பார்வைக்குச் சிறுவரைப் போலவே இருந்தார். கூச்சமும் மிகுதி. ஆயினும், எழுத்தாளர் ஆகவேண்டும் என்னும் உறுதி அவர்பால் மலைபோல் நின்றது. 1883-ஆம் ஆண்டு நாட்டிங்காம் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் தலையங்கம் எழுதும் வேலை கிடைத்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் அவ்வேலை நீங்கியது. ஊர் திரும்பிய பாரி, தம் தாயார் சொல்லிவந்த பழங்கால ஊர்க் கதைகளைக் கட்டுரைகளாக எழுதி இலண்டன் இதழ் ஒன்றுக்கு விடுத்தார். அக்கட்டுரைகளை ஆசிரியர் விரும்பினார். அத்துணிவோடு 1885-ஆம் ஆண்டு பாரி இலண்டன் மாநகர் சென்றார்.

சில ஆண்டுகளிலேயே அவருடைய எழுத்து மக்களைக் கவர்ந்தது. 1888, 1889-ஆம் ஆண்டுகளில் தம் ஊர் மக்களின் வாழ்வைச் சித்திரிக்கும் நூல்களை வெளியிட்டார். 1891-இல் வெளிவந்த சிறிய பாதிரியார் என்னும் புதினம் அவர் புகழை நாடெங்கும் பரப்பியது. பின்னர் அவர் நாடகத் துறையில் புகுந்து, அதில் முன்னணியில் நின்றார்.

குழு பிறந்த கதை

கிரிக்கெட் ஆட்டத்தின்பால் பாரிக்கு இருந்த காதல் பெரிது; அவ்வாட்டத்தில் அவருக்கு இருந்த திறமையோ சிறிது. இதை அவர் நன்கு அறிந்திருந்தார். எனினும், திறமை இல்லாதவர்க்கு ஆடும் உரிமை இல்லையா என்று எண்ணிய அவர், 1887-ஆம் ஆண்டு தம்மைப் போன்ற நண்பர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். சர்ரே மாவட்டத்திலுள்ள ஷியர் என்னும் சிற்றூர் மக்களோடு முதல் ஆட்டம் ஆடுவது என முடிவாயிற்று.

ஆட்டத்திற்காகப் புகைவண்டியில் செல்லும்போதுதான், தம் குழுவினரின் ஆட்ட அறிவு எத்தகையது என்பது பாரிக்கு முழுதும் விளங்கியது. தோல்வி உறுதி என்று கண்ட அவர், இறைவனே காப்பாற்ற வேண்டும் என்னும் பொருள்படக் குழுவிற்குப் பெயரிட விரும்பினார். உடன் வந்தவர்களுள் ஆப்பிரிக்காவில் நெடும் பயணம் செய்து திரும்பியவர்களும் இருந்தனர். அவர்களிடம் அதற்குரிய அயல்மொழித் தொடரைக் கேட்டார். அவர்கள் அல்லாஹு அக்பர் என்னும் அரபுத் தொடரைக் கூறினர். இறைவன் மிகப் பெரியவன் என்பதே அத்தொடரின் பொருள். அதனை அவர்கள் பிழையாக உணர்ந்திருந்தனர். அப்பிழையிலிருந்தே குழுவின் பெயர் பிறந்தது. நண்பர்கள் பின்னர்த் தலைவரின் பெயரையும் அதனோடு இணைத்து, அல்லாஅக்பாரீஸ் என்று வழங்கலாயினர்.

முதல் ஆட்டத்தில் குழு மிகக் குறைந்த ஓட்டங்களிலேயே வீழ்ந்தது. வேறு குழுவாயின் அன்றே கலைந்திருக்கும். பாரியின் குழுவோ அத்தோல்வியை எண்ணி எண்ணிச் சிரித்தது. மறு ஆண்டும் கூடியது. இவ்வாறு 1913-ஆம் ஆண்டுவரை அக்குழு ஆடிவந்தது.

தலைவரும் தோழரும்

ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் பாரி பின்பற்றிய முறை புதுமையானது. மட்டை பிடிக்கும் ஆற்றலையோ, பந்து வீசும் வன்மையையோ அவர் முதலில் நோக்கவில்லை. நல்ல நண்பரா, உடனிருந்தால் பொழுது இனிதாகக் கழியுமா என்பதையே நோக்கினார். ஆதலின், எழுத்தாளர்களும், ஓவியர்களும், நாடு கண்டு திரும்பிய பயணிகளும் அக்குழுவில் இடம்பெற்றனர். நான்கு இறகுகள் என்னும் புதினத்தை எழுதிய மேசன் அதில் ஆடினார். ராஃபிள்ஸ் என்னும் திருடனைக் கதைத் தலைவனாக்கிய ஹார்னங் ஆடினார். கட்டுரை வன்மை மிக்க லூகாஸ் ஆடினார். வேறு எந்தக் கிரிக்கெட் குழுவிலும் இத்துணைப் புகழ்மிக்க எழுதுகோல்கள் ஒன்று கூடியதில்லை.

குழுவினருக்கெனப் பாரி சிறு நூல் ஒன்றை எழுதி, 1890-ஆம் ஆண்டு தம் செலவில் அச்சிட்டு வழங்கினார். 1899-இல் மற்றொன்றும் வெளியிட்டார். அவற்றில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் இயல்பையும் நகைச்சுவையோடு வரைந்தார். ஆட்டத்திற்குமுன் எதிரியின் களத்தில் பயிற்சி செய்யலாகாது, செய்தால் எதிரிக்கு நம்பிக்கை பெருகிவிடும் என்பது போன்ற அறிவுரைகள் அவற்றில் காணப்படும். பிறரை நகையாடிய அவர் தம்மை விட்டுவைக்கவில்லை. அவர் வீசும் பந்து மிக மெதுவாகச் செல்லும். பந்தை வீசிவிட்டு ஓரிடத்தில் அமர்ந்து, அது எதிர்முனையை அடையும்வரை தாம் காத்திருப்பதாகவும், சில வேளைகளில் அது அடைந்துவிடுவதும் உண்டு என்றும் அவர் கூறுவார். ஆயினும், அம்மெதுவான பந்தைக் கண்டு ஏமாந்து ஆட்டமிழந்தோர் பலர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், வூஸ்டர்ஷயர் மாவட்டத்து அழகிய சிற்றூராகிய பிராட்வேயில், அங்கு வாழ்ந்த ஓவியர்களோடு பாரியின் குழு ஆடியது. எழுதுகோலுக்கும் தூரிகைக்கும் இடையே நடந்த போர் எனலாம் அதனை. போர் முடிந்தபின் இரு சாராரும் ஒன்றாக அமர்ந்து உண்டு மகிழ்ந்தனர். வென்றவர் செருக்குற்றதும் இல்லை. தோற்றவர் நாணியதும் இல்லை.

டாயிலின் நட்பு

அக்குழுவில் உண்மையாகவே ஆட வல்லவர் சிலருள் தலையாயவர் ஆர்தர் கானன் டாயில். அவரும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அங்கு மருத்துவம் கற்றவர். உயர்ந்த தோற்றமும் உறுதியான உடலும் உடையவர். குட்டையான தலைவர் அருகில் அவர் நின்றால் மலையும் மடுவும் போல் இருக்கும். டாயில் முதல்தர ஆட்டங்கள் பத்தில் ஆடியவர். 1900-ஆம் ஆண்டு, கிரிக்கெட் உலகின் பேரரசராக விளங்கிய டபிள்யூ. ஜி. கிரேஸ் என்பாரின் விக்கெட்டை அவர் வீழ்த்தினார். முதல்தர ஆட்டங்களில் அவர் பெற்ற விக்கெட் அது ஒன்றே.

இத்தகைய திறமையாளர், ஆடத் தெரியாத நண்பர்களோடு சேர்ந்து ஆடுவதை இழிவாகக் கருதவில்லை. தம்மினும் வல்லாரோடு ஆடுவது ஆற்றலை வளர்க்கும். தம்மினும் மெலியாரோடு மனமுவந்து ஆடுவதோ பண்பைக் காட்டும். டாயில் இரண்டையும் செய்தார்.

இவ்விருவர் நட்பும் ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. இலண்டன் நாடக அரங்கு ஒன்றிற்கு இசை நாடகம் எழுதித் தருவதாகப் பாரி ஒப்புக்கொண்டிருந்தார். அப்போது அவர் நோயுற்றார். துணை வேண்டிய நண்பருக்கு உதவ டாயில் விரைந்து வந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய அந்நாடகம் 1893-ஆம் ஆண்டு அரங்கேறியது. மக்கள் அதை விரும்பவில்லை. சில வாரங்களிலேயே அது நின்றது. தோல்விக்கு ஒருவர் மற்றவரைக் குறை கூறினாரா? இல்லை. பாரி ஷெர்லக் ஹோம்ஸ் கதையின் போக்கிலேயே வேடிக்கைக் கதை ஒன்றை எழுதினார். தோல்வியுற்ற நாடகத்தின் ஆசிரியர் இருவரும் ஹோம்ஸைத் தேடி வருவதாக அக்கதை அமைந்தது. அதைத் தம் நூல் ஒன்றின் முன்னேட்டில் எழுதி டாயிலுக்கு அளித்தார். டாயில் அதைப் பெரிதும் போற்றினார். களத்தில் தோற்றுச் சிரிக்கக் கற்றவர்களுக்கு அரங்கில் தோற்றுச் சிரிப்பது அரிதாகவில்லை.

வளராச் சிறுவன்

பாரி 1894-ஆம் ஆண்டு நடிகை மேரி ஆன்செல் என்பவரை மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. 1909-ஆம் ஆண்டு அம்மணவாழ்வும் முறிந்தது. ஆனால், பிறர் குழந்தைகள் அவர்பால் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டனர். இலண்டனில் கென்சிங்டன் பூங்காவில் தம் பெரிய நாயோடு உலாவுவது அவர் வழக்கம். 1897-ஆம் ஆண்டு அப்பூங்காவில் லூவெலின் டேவிஸ் குடும்பத்துச் சிறுவர்களைச் சந்தித்தார். ஜார்ஜ், ஜாக், பீட்டர் ஆகிய மூவரும், பின்னர்ப் பிறந்த மைக்கேல், நிக்கோ இருவரும் ஆக ஐவரும் அவருக்கு உயிர்த் தோழர் ஆயினர். அவர்களுக்குக் கதை சொன்னார், அவர்களோடு காட்டிலும் குளக்கரையிலும் கடற்கொள்ளையர் ஆட்டம் ஆடினார், கிரிக்கெட்டும் ஆடினார்.

அவ்வாட்டங்களிலிருந்தே பீட்டர் பான் நாடகம் உருவாயிற்று. வளர மறுத்துப் பறந்து திரியும் சிறுவன், அவனோடு செல்லும் வெண்டி என்னும் சிறுமி, கொக்கிக் கையுடைய கொள்ளைத் தலைவன், கடிகாரத்தை விழுங்கிய முதலை ஆகியோர் அதில் தோன்றினர். வெண்டி என்னும் பெயரும் ஒரு குழந்தையின் கொடையே. ஹென்லி என்னும் கவிஞரின் சிறுமகள், பாரியைத் தன் நண்பர் என்று மழலையில் திரித்து அழைத்த சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. அக்குழந்தை பள்ளி செல்லும் பருவத்திற்கு முன்பே இறந்தாள். அவள் மழலையோ இன்றும் பல்லாயிரம் பெண்களின் பெயராக வாழ்கிறது.

1904-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் இலண்டனில் அந்நாடகம் அரங்கேறியது. அதில், உயிர் பிரியும் நிலையிலுள்ள குட்டித் தேவதையைக் காப்பாற்ற, தேவதைகளை நம்புவோர் கை தட்டவேண்டும் என்று பீட்டர் வேண்டுவான். பெரியவர்கள் நிறைந்த அவையில் ஒருவரும் தட்டாவிட்டால் என் செய்வது என்று பாரி அஞ்சினார். இசைக்குழுவினரைத் தட்டுமாறு முன்னரே ஏற்பாடு செய்தார். அவ்வேற்பாடு தேவைப்படவில்லை. அவை முழுதும் எழுப்பிய கரவொலியைக் கேட்டு, பீட்டராக நடித்த நடிகை கண்ணீர் உகுத்தார். தாயின் துயரறையில் விழுந்த விதை அன்று மரமாகி நின்றது.

போரும் பிரிவும்

லூவெலின் டேவிஸ் சிறுவர்களின் தந்தையார் 1907-இலும், தாயார் 1910-இலும் நோயால் இறந்தனர். ஐவரையும் வளர்த்துக் கல்வி தரும் பொறுப்பில் பாரி பெரும்பங்கு ஏற்றார். அவர்களுள் மூத்தவராகிய ஜார்ஜ் வளர்ந்தபின், பாரியின் ஆட்டக் குழுவில் தாமும் சேர்ந்து ஆடினார். சிறுவனாகத் தம்மிடம் கதை கேட்டவன் இளைஞனாகித் தம்மோடு களத்தில் நிற்பதைக் கண்டு பாரி பூரித்தார்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1913-ஆம் ஆண்டுக்குப் பின் குழு கூடவில்லை. மறு ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. மட்டை பிடித்த கைகள் துப்பாக்கி ஏந்தின. 1915-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜார்ஜ் போர்முனையில் உயிர் துறந்தார். அவருக்கு அப்பொழுது வயது 21. அதே ஆண்டில் ஹார்னங் தம் ஒரே மகனைப் போரில் இழந்தார். போரில் புண்பட்டிருந்த டாயிலின் மகன், 1918-இல் நச்சுக் காய்ச்சலால் மாண்டார். ஆடுகளத்தில் சிரித்து மகிழ்ந்த தந்தையர் பலர் இல்லங்களில் அழுகுரல் எழுந்தது. போருக்குப் பின் அக்குழு மீண்டும் ஆடவில்லை. 1921-ஆம் ஆண்டு, ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றுகொண்டிருந்த மைக்கேலும் நீரில் மூழ்கி இறந்தார். மக்களைப் போல் வளர்த்த இருவரை இழந்த பாரியின் உள்ளம் உடைந்தது.

துணிவு

ஆயினும், அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. வலக்கையில் நோய் கண்டு எழுத இயலாதபோது, இடக்கையால் எழுதப் பழகினார். 1922-ஆம் ஆண்டு, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக மாணவர்களுக்குத் துணிவு என்னும் பொருள்பற்றிப் பேருரை ஆற்றினார். போரிலிருந்து மீண்ட மாணவர் பலர் அவ்வவையில் இருந்தனர். பாரி தம் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அது தென்துருவம் சென்று திரும்புகையில் 1912-ஆம் ஆண்டு பனியில் மாண்ட தளபதி ஸ்காட், தம் கூடாரத்தில் சாவை எதிர்நோக்கியிருந்தபோது நண்பர் பாரிக்கு எழுதிய கடிதம். பசியும் குளிரும் வாட்டிய நிலையிலும் தம் தோழர்கள் உற்சாகம் குன்றாது இருப்பதை ஸ்காட் அதில் எழுதியிருந்தார். துயரத்தின் நடுவிலும் மலர்ந்த முகத்தோடு இருப்பதே துணிவு என்பதை மாணவர்கள் அன்று உணர்ந்தனர். கூச்சம் மிகுந்த அம்மனிதர் அதனைத் தம் வாழ்வில் கண்டே பேசினார்.

சிறப்புகள் பல அவரைத் தேடி வந்தன. 1913-இல் அரசர் அவருக்குப் பாரனெட் என்னும் பட்டம் அளித்தார். 1922-இல் தகுதிச் சிறப்பு விருது கிடைத்தது. 1930-இல் தாம் பயின்ற எடின்பரோ பல்கலைக்கழகத்திற்கே வேந்தர் ஆனார்.

கொடை

1929-ஆம் ஆண்டு, இலண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையினர், நிதி திரட்டும் குழுவில் சேருமாறு பாரியை வேண்டினர். அவர் குழுவில் சேர இசையவில்லை. ஆனால், சில திங்களுக்குள் பீட்டர் பான் நூலின் உரிமை முழுவதையும் அம்மருத்துவமனைக்கே எழுதி வைத்தார். அதனால் வரும் வருவாய் எவ்வளவு என்பதை வெளியிடலாகாது என்றும் வேண்டிக்கொண்டார். கைம்மாறு கருதாது கொடுத்ததோடு, கொடையின் அளவும் பிறர் அறியலாகாது என எண்ணிய உள்ளம் அவருடையது. முல்லைக்குத் தேர் ஈந்த பறம்புமலைத் தலைவனின் பெயர் ஒலியை இவர் பெயரிலும் கேட்கிறோம். ஒலி ஒற்றுமை தற்செயலானது. ஈகைப் பண்பின் ஒற்றுமையோ எண்ணி மகிழத்தக்கது. நூலுரிமைக் காலம் 1987-இல் முடிந்தது. எனினும், 1988-ஆம் ஆண்டு பிரிட்டானிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, அந்நாட்டில் அந்நூலின் வருவாயில் மருத்துவமனைக்குரிய பங்கு என்றும் நிலைத்து நிற்கிறது.

தம் பிறந்த ஊரையும் பாரி மறக்கவில்லை. 1930-ஆம் ஆண்டு கிரிமியூரின் குன்றின்மீது, கிரிக்கெட் ஆடுவோர் தங்குவதற்கெனக் கட்டடம் ஒன்றை அமைத்து ஊருக்கு அளித்தார். அதன் மேல்தளத்தில் இருட்டறை ஒன்று உண்டு. கூரையிலுள்ள கண்ணாடியும் ஆடிவில்லையும், சுற்றிலுமுள்ள மலைகளையும் வயல்களையும் அறை நடுவிலுள்ள மேசையின்மீது உயிரோவியமாகக் காட்டும். ஆட்டமும் கதைபோன்ற வியப்பும் ஒரே கூரையின்கீழ் அமைந்த அக்கட்டடம் பாரியின் உள்ளத்திற்கே ஓர் எடுத்துக்காட்டு.

முடிவு

1937-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ஆம் நாள் இலண்டனில் பாரி உயிர் நீத்தார். பேரறிஞர்களை அடக்கம் செய்யும் பெருங்கோயிலில் அவர் துயில்கொள்ளவில்லை. கிரிமியூர்க் குன்றின் இடுகாட்டில், பெற்றோரும் உடன்பிறந்தாரும் உறங்கும் இடத்தில், எளிய கல்லின்கீழ்த் துயில்கின்றார். அவர் தம் ஆட்டக் குழுவிற்காக எழுதிய சிறுநூல் 1950-இல் மறுபதிப்பாக வந்தபோது, கிரிக்கெட் உலகின் ஒப்பற்ற வீரராகிய டான் பிராட்மன் அதற்கு முன்னுரை வழங்கினார். ஆட்டத்தில் வல்லார் அனைவரினும் வல்லவர், ஆடத் தெரியாதாரின் குழுவிற்குச் செய்த சிறப்பு அது.

அக்குழு கிண்ணம் எதையும் விட்டுச் செல்லவில்லை. அது விட்டுச் சென்றவை நட்பும், தோல்வியைத் தாங்கும் மலர்ச்சியுமே. தாயைச் சிரிக்கவைக்க முயன்ற ஆறு வயதுச் சிறுவன், தமையனின் இடத்தை நிரப்ப இயலாமல் போனான். ஆனால், வாழ்நாள் முழுவதும் பிறர் துயரைக் குறைப்பதில் அவன் தளரவே இல்லை. ஆடுகளத்தில் நண்பர்களுக்கும், அரங்கில் குழந்தைகளுக்கும், மருத்துவமனையில் நோயுற்ற மதலையருக்கும் அவர் அளித்தது அந்த மகிழ்ச்சியையே. ஆட்டத்தில் வெல்வது சிலர்க்கே கைகூடும். தோழமையோடு ஆடுவது அனைவர்க்கும் கைகூடும் என்பதைப் பாரியின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.